தகர மூடி போட்ட பாட்டில்கள்

மகளுக்கும் மகனுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். யார் முதலில் படித்தாலும் மற்றவரிடம் கொடுத்துவிடுங்கள். நேரில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் பாதியில் எழுந்து போய்விடுகிறேன், நீங்களும் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்து கோணலாக இருப்பதற்குப் படிப்பு காரணமில்லை. கட்டைவிரல் பேனாவை அழுத்திப் பிடிக்க மாட்டேன் என்கிறது.

அம்மா கடைசியாகப் போட்ட எலுமிச்சங்காய் ஊறுகாயைப் போன வாரம் திறந்தேன். அதைத் திறக்கப் போன இடத்தில் ஒரு விஷயம் தெரிந்தது. அது தெரிந்த நாளிலிருந்து எனக்கு வீட்டுக்குள் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் குழாய் மேஸ்திரி. முப்பது வருஷத்துக்கு மேல் அடையாறிலும் தி.நகரிலும் எத்தனையோ வீடுகளுக்குக் குழாய் போட்டிருக்கிறேன். பைப்பின் திருகு மரையில் சணல் சுற்றி, பெயிண்ட் தடவி, மற்றவர்கள் ரெஞ்ச் வைத்து முறுக்குவதில் பாதியை நான் வெறும் கையாலேயே முறுக்கிவிடுவேன். நான் போட்ட இணைப்பில் ஒரு சொட்டு கசிந்தது என்று யாரும் திரும்ப வந்து நின்றதில்லை. மேஸ்திரி மூட்டினதைக் கழற்ற மேஸ்திரியேதான் வரவேண்டும் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டால் எனக்கு மனசு குளிர்ந்துவிடும். அந்தக் கையைத்தான் நான் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தேன்.

காபிப்பொடி பாட்டில் உடைந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கிடைக்காமல் தெருவே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த காலம். அம்மா அடிபம்பில் அடித்து அடித்து நாலு குடம் நிரப்பிவிட்டு வந்து, காபி போடப் பாட்டிலை மூடியைப் பிடித்துத் தூக்கினாள். மூடி சரியாகத் திருகியிருக்கவில்லை. மூடி கையில் நின்றுவிட்டது, பாட்டில் கீழே விழுந்து சிதறியது. அன்றைக்குத்தான் புதிதாக அரைத்து வாங்கிய பொடி. நான் சத்தம் போட்டேன். ஒரு மூடியை ஒழுங்காகத் திருகத் தெரியாதா, இத்தனை வயசுக்கு என்ன கவனக்குறைவு என்று கேட்டேன். அவள் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். ஒவ்வொரு துண்டையும் இரண்டு கையாலும் எடுத்தாள். கண்ணாடி குத்தாமல் இருக்கத்தான் அப்படி எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். திருகத் தெரியாமல் இல்லை, திருக முடியாமல்தான் அது நடந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

அன்றிலிருந்து மூடிகளை மூடுவது என் வேலை ஆகிவிட்டது. யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். மயிலாப்பூரில் நம் சந்தில் கடல் காற்று எவ்வளவு அடிக்கும், உங்களுக்கே தெரியும். உப்பு கசிந்து தண்ணீராகிவிடும், சர்க்கரை கட்டி கட்டிவிடும், எறும்பு எங்கிருந்துதான் வருமோ. காலையில் காபி குடித்து, டிபன் கட்டிக்கொண்டு, வேலைக்குக் கிளம்பும்முன் அலமாரி முன்னால் நின்று காபிப்பொடி, சர்க்கரை, உப்பு, புளி, ஊறுகாய் என்று வரிசையாக எல்லாவற்றையும் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவேன். முந்தின நாள் அவள் எடுத்த பாட்டில்களில் மூடி சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்தால் எரிச்சல் வரும். இன்னும் ஒரு முறுக்கு சேர்த்து முறுக்குவேன்.

ஒரே ஒரு தடவைதான் அவள் கேட்டாள். நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"ஏங்க, மூடிய கொஞ்சம் லூசா மூடுங்களேன். கைக்கு வரல."

நான் அவள் கையைப் பிடித்துத் தூக்கி உங்களிடம் காட்டினேன்.

"இன்னாமே இது, கையா, வெந்த வெண்டைக்காயா?"

நீங்கள் சிரித்தீர்கள். சின்னவனுக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் கொஞ்ச நாள் வீட்டில் எது கைதவறி விழுந்தாலும் வெண்டைக்காய்க் கை என்று நாம் மூன்று பேரும் சொல்லிக்கொண்டிருந்தோம். உங்கள் மேல் தப்பு சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் பிள்ளைகள், அப்பா சிரித்தால் சிரிப்பீர்கள். நான் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினேன் பாருங்கள், அப்போது அது என் கையில் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது. விரல் மூட்டெல்லாம் வீங்கிச் சூடாக இருந்தது. இருந்தும் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் உங்கள் அம்மா பக்கத்துப் போர்ஷன்காரம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். வயசாகிறது, அவ்வளவுதான் என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான் பதில் சொல்வாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

அதன்பின் மூடியைப் பற்றி அவள் பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும், நான் வீட்டில் இருந்தால், பாட்டிலை என்னிடம் நீட்டுவாள். ஒரே திருப்பில் திறந்து கொடுப்பேன். மற்ற ஆறு நாளும் எப்படி நடந்தது என்று ஒரு தடவைகூட என் மூளைக்கு எட்டவில்லை. சமையல் நடந்தது. ரசத்தில் புளி இருந்தது, உப்பு இருந்தது. நான் சாயந்திரம் வந்தால் காபி கிடைத்தது. வேறு என்ன வேண்டும் எனக்கு.

இரண்டு விஷயம் மட்டும் எனக்குப் புரியாமலே இருந்தது. ஒன்று, மூடிகளெல்லாம் கருகத் தொடங்கின. தகர மூடியில் பெயிண்ட் உரிந்து பழுப்பாக ஒரு தடம் விழுந்திருக்கும். அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டாள் என்று நினைத்து, ஊரில் இல்லாத அதிசயமாக மூடியை யாராவது அடுப்பில் வைப்பார்களா என்று திட்டினேன். கவனிக்கவில்லை, இனிமேல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மறு மாசம் இன்னும் இரண்டு மூடி கருகியிருந்தது.

இன்னொன்று உன் விஷயம், மகளே. முதல் சம்பளத்தில் ரங்கநாதன் தெருவில் கூட்டத்தில் இடிபட்டு, ஒரே மாதிரி ஒரு டஜன் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தாய். பச்சை பிளாஸ்டிக் மூடி போட்டவை. அம்மா ஒவ்வொரு மூடியாகத் தட்டிப் பார்த்தாள். "பிளாஸ்டிக்கா, வேணாம்மா" என்று சொல்லி, மறுநாளே பக்கத்துப் போர்ஷனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். நீ அன்றைக்கு அழுதாய். நான் எது வாங்கினாலும் அம்மாவுக்குப் பிடிக்காது என்று சொன்னாய். கல்யாணமாகி வேளச்சேரிக்குப் போனபின்னும் ஒரு தடவை அதைச் சொல்லிக் காட்டினாய். அதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. சொல்கிறேன்.

கடைசி வருஷம் எலுமிச்சை மலிவாக வந்தபோது ஊறுகாய் போட உட்கார்ந்தாள். அரை நாள் வேலை. அவளுக்கு மூன்று நாள் ஆனது. பெரிய வாய் வைத்த பாட்டிலில் போட்டு, வாய்க்கு வெள்ளைத்துணி கட்டி, என்னிடம் கொண்டுவந்தாள். ஒரு மாசம் திறக்கக்கூடாது, தினம் ஒரு தடவை குலுக்கிவிட வேண்டும் என்றாள். துணி சேர்த்து மூடும்போது மூடி, சணல் சுற்றிய மரை மாதிரி கவ்வியது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதுங்க," என்றாள்.

நான் இன்னும் அரைச் சுற்று முறுக்கினேன்.

அந்த மாசம் முடிவதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள்தான். அதைப் பற்றி எழுதப்போவதில்லை, நீங்களும் கூடவே இருந்தீர்கள். ஆனால் அந்தப் பத்து நாளில் ஒருநாள், பேச்சு குழறும்போதும், ஊறுகாயைக் குலுக்கினீர்களா என்று என்னிடம் கேட்டாள். குலுக்கினேன் என்று சொன்னேன். குலுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஒருநாள்கூட விடவில்லை. மகளே, காரியம் முடிந்து நீ அதைத் திறக்கலாமா என்று கேட்டபோது நான் கத்தியது அதனால்தான். மாசம் முடிந்தது, வருஷம் முடிந்தது, இன்னொரு வருஷமும் போனது. காலையில் பல் தேய்த்ததும் அந்தப் பாட்டிலை எடுத்துக் குலுக்குவேன். திறந்து ஒரு துண்டு போட்டுக்கொண்டால் அது தீர ஆரம்பித்துவிடும். அவள் செய்தது என்று வேறு எதுவும் வீட்டில் மிச்சமில்லை.

என் கை போனது இந்த இரண்டு வருஷத்துக்குள்தான். முதலில் காலையில் மட்டும் விரல் மடங்காது. பிறகு கட்டைவிரல் அடியில் ஆணி அடித்த மாதிரி வலி. உங்களிடம் நான் வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா, அது பாதிதான் உண்மை. தி.நகரில் ஒரு மாடியில் ரெஞ்ச் என் கையிலிருந்து நழுவி மூன்று மாடி கீழே விழுந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. கான்ட்ராக்டர் என்னைத் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, வீட்டில் ஓய்வெடுங்கள் மேஸ்திரி என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போன மாசம் பாட்டிலைக் குலுக்கும்போது அது நழுவப் பார்த்தது. நெஞ்சோடு சேர்த்து அணைத்துப் பிடித்துவிட்டேன். வியர்த்துவிட்டது. இனிமேல் இதைக் குலுக்கிக்கொண்டிருந்தால் ஒருநாள் நானே உடைப்பேன் என்று பயம் வந்தது. அதற்கு முன் திறந்து உங்கள் இரண்டு பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். உட்கார்ந்தேன், துண்டைச் சுற்றித் திருகினேன்.

மூடி அசையவில்லை.

சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றினேன். வெந்நீர் ஊற்றினேன். தரையில் ஓரத்தைத் தட்டினேன். கடைசியில் கருவிப்பெட்டியைத் திறந்து ரெஞ்சை எடுத்து மூடிமேல் வைத்துவிட்டு, கண்ணாடி நொறுங்கிவிடுமே என்று கீழே வைத்துவிட்டேன். இப்படியே நாலு நாள். நானே மூடியதுதான். அந்த அரைச் சுற்று வேண்டாம் என்று அவள் பக்கத்தில் நின்றே சொன்னாள்.

சின்னவனைக் கோடம்பாக்கத்திலிருந்து வரச் சொல்லியிருக்கலாம். பக்கத்துப் போர்ஷனில் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. மூடியைத் திறக்க முடியவில்லை என்று போய் நிற்பதா, அதுவும் நான். கடைசியில் பாட்டிலை யாருக்கும் தெரியாமல் ஒரு மஞ்சள் பையில் போட்டேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அம்மாவின் பை. பாட்டிலை மறைக்க மேலே இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு, சந்து முனையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டிக்குப் போனேன். இஸ்திரிக்காரருக்குக் கரிப்பெட்டி தூக்கித் தூக்கிக் கை இரும்பாக இருக்கும், பேச்சுவாக்கில் கேட்டுவிடலாம் என்று ஒரு கணக்கு.

பேச்சே தேவைப்படவில்லை. பையைப் பார்த்தார். சட்டையைக் கண்டுகொள்ளவே இல்லை. கையை நீட்டினார்.

"குடு அண்ணாத்தே."

பாட்டிலை வெளியில் எடுத்து வண்டிமேல் நிறுத்தினார். ஈரத்துணியைப் பாட்டிலின் கழுத்தில் சுற்றினார். சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி, அதன் கூர் முனையை மெதுவாக மூடிமேல் உட்கார வைத்தார். ஒன்று, இரண்டு என்று உதடு அசைந்தது. பெயிண்ட் கருகும் வாசனை வந்தது. பெட்டியை எடுத்தார். தகரத்தில் பழுப்பாக ஒரு முனைத் தடம்.

நான் வண்டியைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தடம் நம் வீட்டு அலமாரி முழுக்க இருக்கிறது.

எத்தனை நாளாக இது நடந்தது என்று கேட்டேன். அவர் கரியைக் கிளறினார். நீங்கள் சைக்கிளில் முனை திரும்பினதும் அக்கா பையோடு வந்துவிடுவார்கள் என்றார். சில நாள் மூன்று பாட்டில், சில நாள் ஐந்து. பிளாஸ்டிக் மூடி என்றால் உருகிவிடும், அதனால் தகரம் மட்டும் கொண்டுவரச் சொல்லியிருந்தாராம். திறந்து கொடுத்தால் அக்கா திரும்ப வந்து ஒரு டம்ளர் காபி கொடுத்துவிட்டுப் போவார்களாம். ஐந்தாறு வருஷம். சந்துக்கே தெரியும், எனக்குத்தான் தெரியாது.

"என்னாண்ட ஏன் சொல்லல?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நானும் கேட்டேன் அண்ணாத்தே. இன்னாக்கா, ஊட்டுக்காரராண்ட ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிபூடுமேன்னு. சொன்னா புள்ளிங்க முன்னாடி சிரிப்பாருன்னாங்கோ."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள நினைத்தவர் மாதிரி, அக்கா கோவமா சொல்லலை, சிரிச்சிகினேதான் சொன்னாங்கோ என்றார். அவள் எப்படிச் சிரித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். வெண்டைக்காய் என்று சொன்ன அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

துணியோடு மூடியைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். இளகிவிட்டது. ஆனால் அவர் முழுக்கத் திறக்கவில்லை. மூடியைச் சும்மா மேலே உட்கார வைத்து, என் இரண்டு கையையும் எடுத்துப் பாட்டிலின் அடியில் வைத்தார்.

"பையில போடாத. மூடியப் புடிக்காத. அக்கா இப்டித்தான் எட்த்துகினு போவாங்கோ."

அப்படியே நடந்தேன். மரத்தடியிலிருந்து நம் வீடு எவ்வளவு, அறுபது எழுபது அடி இருக்குமா. பாட்டிலை நெஞ்சுக்கு நேராக இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, காலடியைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டியிருந்தது. எதிரில் சைக்கிள் வந்தால் ஓரமாக நிற்க வேண்டியிருந்தது. பூக்காரம்மா கூடையை நகர்த்தி வழிவிட்டார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து பாட்டில் இருந்த நாளில் எத்தனை நடை நடந்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். நான் ஒவ்வொரு காலையும் முறுக்கிய முறுக்கு ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு நடை நடந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து மூடியை எடுத்து, துணியைப் பிரித்தேன். ஊறுகாய் கெடவில்லை. கருத்து, கெட்டியாக, வாசனையோடு இருந்தது. ஒரு தட்டில் கொட்டினேன். கொட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் அம்மா ஒரு எலுமிச்சையை எட்டாக நறுக்கினால் எட்டும் ஒன்றுபோல இருக்கும், உங்களுக்குத் தெரியும். கழுத்துவரை நெருக்கி அடைத்திருந்ததால் இத்தனை நாள் குலுக்கியும் அடுக்கு கலையவில்லை, சாறு அப்பியிருந்ததால் வெளியிலிருந்தும் தெரியவில்லை. இதில் மேலே இருந்தவை எட்டுத் துண்டு. கொஞ்சம் கீழே நாலு. அதற்கும் கீழே பாதிப் பாதியாக. அடியில் கிடந்தவை முழுப் பழம். ஒவ்வொன்றிலும் கத்தி பட்ட கீறல் மட்டும் இருந்தது, ஒரே பழத்தில் மூன்று, நாலு கீறல். முதல் நாள் நறுக்கியவள் கடைசி நாள் கத்தியை அழுத்த முடியாமல் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்திருக்கிறாள். முடியாதவற்றைத்தான் நான் பார்க்காதபடி முதலில் போட்டு, நல்லவற்றை மேலே அடுக்கியிருக்கிறாள். மூன்று நாளும் நான் சாயந்திரம் வீட்டுக்கு வந்து அவளுக்கு எதிரில்தான் உட்கார்ந்து காபி குடித்தேன்.

தயிர்சாதம் பிசைந்து, அடியில் இருந்த ஒரு முழுப் பழத்தைத்தான் போட்டுக்கொண்டேன். நடுவில் உப்பே இறங்கவில்லை. அந்தச் சின்னக் கீறலில் எவ்வளவு இறங்கும். கசந்தது. முழுக்கச் சாப்பிட்டேன்.

எட்டுத் துண்டாக இருப்பவற்றை உங்கள் இரண்டு பேருக்கும் பிரித்து வைத்துவிட்டேன். அடியில் இருந்ததெல்லாம் எனக்கு. கேட்காதீர்கள், தர மாட்டேன்.

நம் வீட்டில் இப்போது எந்த மூடியும் இறுக்கமாக இல்லை. எறும்பு வருகிறது. உப்பு கசிகிறது. போகட்டும்.

இந்தக் காகிதத்தோடு ஆளுக்கு ஒரு பாட்டில் வரும். பழைய கருகின மூடிதான் போட்டிருக்கிறேன், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மகளே, நீ அதைக் கையில் வைத்துப் பார். நான் முறுக்கவில்லை, சும்மா மேலே வைத்து நூலால் கட்டியிருக்கிறேன். மூடியைப் பிடித்துத் தூக்க வேண்டாம். அடியில் இரண்டு கையும் கொடுத்து எடுங்கள்.